நூற் கடலில் முத்துக் குளிப்போர்

காய்கறி நறுக்கும்போது அரிவாள்மணை விரலில் பட்டுவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? பாட்டி அஞ்சறைப் பெட்டியைத் திறப்பாள்; ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை எடுத்து ரத்தம் கசியும் இடத்தில் வைத்து அழுத்துவாள்; பழைய வேஷ்டிக் கிழிசலால் ஒரு கட்டுக் கட்டுவாள். அவ்வளவுதான். இந்த வைத்தியத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், "இதைக் கூடவா ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

1995-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இந்த வைத்தியத்துக்கு அமெரிக்காவில் ஒரு பேடண்டு வழங்கப்பட்டது. மிஸிஸிப்பி ஸர்வகலாசாலையின் வைத்திய நிலையத்தைச் சேர்ந்த இருவர், மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறை தாங்கள் கண்டது என்று விண்ணப்பம் செய்து கொண்டிருந்தார்கள். பேடண்டு என்பது, புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சில வருஷ காலம் அதன் பயனைத் தாமே அநுபவிக்கும்படி சட்டம் அளிக்கும் உரிமை. ஆயிரக்கணக்கான வருஷங்களாக நம் பாட்டிமார் கையாண்டு வந்தது, அங்கே "புதிய முறை" ஆகிவிட்டது!

செய்தி இந்தியாவுக்கு எட்டியபோது சிரித்தவர் சிலர், சினந்தவர் பலர். ஆனால் சிரிப்பும் சினமும் பேடண்டு காரியாலயத்தில் சாட்சியம் ஆகமாட்டா. "எங்கள் பாட்டிக்குத் தெரியும்" என்று அங்கே வழக்காட முடியாது. எந்த நூலில் எழுதியிருக்கிறது, எந்த வருஷத்தில் எழுதியது, எந்தப் பக்கம் என்பவையே அங்கே கேள்விகள். இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கௌன்ஸில் 1996-ல் இந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டது. ஸம்ஸ்கிருதம், உருது, ஹிந்தி ஆகிய பாஷைகளில் உள்ளவையும் சேர்த்து 32 ஆதாரங்களைத் திரட்டி முன்வைத்தது. அவற்றுள் சில 100 வருஷங்களுக்கு மேற்பட்ட பழமை உடையவை. ஒன்று, 1953-ல் இந்திய வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை. 1997-ல் அந்தப் பேடண்டு ரத்தாயிற்று.

இந்த வெற்றியைப் பற்றி நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 32 ஆதாரங்களும் பேடண்டு வழங்கிய தினத்திலும் உலகில் இருக்கத்தான் செய்தன. அவை எரிந்து போகவில்லை. கரையான் தின்றுவிடவும் இல்லை. ஆனால் பரிசோதித்த அதிகாரியின் கண்ணுக்கு அவை அகப்படவில்லை. எழுதி வைத்திருந்தும் தேடுகிறவனுடைய கைக்கு எட்டாத அறிவு, எழுதாத அறிவுக்குச் சமானமாகிவிடுகிறது.

அப்படி எட்டாமல் கிடப்பதை எட்டச் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். விஞ்ஞான நூல் நிலையங்களில் பணி புரியும் லைப்ரேரியன்களையே சொல்கிறேன். ஆராய்ச்சியாளரின் புகழை நாம் அறிவோம். அவருக்கு வேண்டிய ஏட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தவரின் பெயரை யார் அறிவார்?

பெருகி வரும் கடல்

விஞ்ஞானப் பத்திரிகை என்ற ஒன்று உலகில் முதன் முதலாகத் தோன்றியது 1665-ல். அவ்வருஷம் பாரிஸ் நகரில் ஒன்றும் லண்டன் நகரில் ஒன்றும் பிறந்தன. அந்த நாளில் ஊக்கமுள்ள ஒருவர் தம் சாஸ்திரத்தைப் பற்றி வெளிவருவன யாவற்றையும் தாமே படித்துவிடக் கூடியதாக இருந்தது. அடுத்த இருநூறு வருஷங்களில் பத்திரிகைகள் பெருகின, பாஷைகள் பெருகின, சாஸ்திரங்களும் கிளை கிளையாகப் பிரிந்தன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் காணாமலே போவது சகஜமாயிற்று.

இதற்கு மெண்டலின் கதையே தக்க சான்று. ஆஸ்திரிய ராஜ்யத்தில் ப்ரூன் என்ற ஊரின் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பெற்றோரின் குணங்கள் சந்ததிகளுக்கு எந்தக் கணக்கின்படி இறங்குகின்றன என்பதைக் கண்டறிந்த பாதிரியார் அவர். அவருடைய கட்டுரை 1866-ல் அவ்வூர்ச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அந்த வெளியீடு 100-க்கும் மேற்பட்ட ஸ்தாபனங்களுக்கு அனுப்பப்பட்டது. ஆகவே கட்டுரை மறைந்து கிடந்தது என்று சொல்வதற்கில்லை. பல தேசத்து நூல் நிலையங்களில் அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அதன் பெருமையை உணர்ந்து அதை எடுத்து ஆள்வோர் இல்லை. 1884-ல் மெண்டல் காலமானார். 1900-ல் மூன்று தாவர சாஸ்திரிகள் தனித் தனியே அதே உண்மையை அடைந்த பிறகுதான், 34 வருஷங்களுக்கு முன்பே ஒருவர் அதை எழுதி வைத்திருக்கிறார் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஒரு சாஸ்திரம் 34 வருஷங்கள் காத்துக் கிடந்தது!

இத்தகைய விபத்துக்களைத் தடுக்கவே விஷய அட்டவணைகள் தோன்றின. அமெரிக்க ராணுவத்தில் வைத்தியராக இருந்த ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர், உலக வைத்தியப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளை விஷயவாரியாகப் பிரித்து 1879-ல் ஓர் அட்டவணை வெளியிடத் தொடங்கினார். ரஸாயன சாஸ்திரத்துக்கு 1907-ல் அதே விதமான பணி தொடங்கியது. ஒவ்வொரு கட்டுரையின் சாரத்தையும் சில வரிகளில் சுருக்கித் தந்த அந்தப் பெரும் வெளியீடு, 100 வருஷங்களுக்கு மேல் அச்சில் வந்து 2010-ல்தான் காகிதத்தைக் கைவிட்டது. இன்று வைத்தியக் கட்டுரைகளுக்கென அமெரிக்க தேசிய வைத்திய நூல் நிலையம் நடத்தி வரும் பப்மெட் என்ற அட்டவணையில் மட்டும் 3½ கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. ஒருவர் தினம் 100 குறிப்புகள் வீதம் ஒரு நாள் கூட ஓயாமல் படித்து வந்தாலும், முடிப்பதற்கு 900 வருஷங்களுக்கு மேல் ஆகும்.

பால்டிமோரில் ஓர் உயிர்

தேடுவதில் குறை நேர்ந்தால் நஷ்டம் காலம் மட்டுமல்ல; சில சமயம் உயிரே போய்விடக் கூடும். 2001-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பெயர் பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸர்வகலாசாலையில் அப்படி ஒன்று நிகழ்ந்தது.

ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுக் குழல் சுருங்குவதைப் போல ஆரோக்கியமானவர்களுக்கு ஏன் சுருங்குவதில்லை என்பதை அறிய அங்கே ஒரு சோதனை நடந்தது. நல்ல தேகநிலை உள்ள சிலர் தாமாக முன்வந்து அதில் கலந்து கொண்டார்கள். அவர்கள் மூச்சோடு உள்ளிழுக்கும்படி ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. முற்காலத்தில் ரத்தக் கொதிப்புக்கு வழங்கி வந்து, பின்பு கைவிடப்பட்ட மருந்து அது. மே மாதம் அதை உட்கொண்ட 24 வயதுப் பெண் ஒருத்தி இருமலும் ஜுரமும் கண்டு படுத்தாள். அவளுடைய சுவாசப் பைகள் கெட்டுப் போயின. ஜூன் மாதம் 2-ம் தேதி அவள் இறந்தாள்.

விசாரணை நடந்தது. சோதனைக்கு முன்பு ஆராய்ச்சியாளர் அந்த மருந்தின் தீங்குகளைப் பற்றித் தேடாமல் இல்லை; தேடியிருந்தார். ஆனால் அவர் முக்கியமாக நம்பிய கம்ப்யூட்டர் அட்டவணை அன்று 1966-க்குப் பிந்திய கட்டுரைகளையே காட்டியது. அந்த மருந்து வழக்கத்தில் இருந்த காலமோ 1950-ஐ அடுத்த வருஷங்கள். அதை உட்கொண்ட நோயாளிகளுக்குச் சுவாசப் பையில் கேடு விளைந்ததைப் பற்றி அந்நாளைய வைத்தியர்கள் பத்திரிகைகளில் எழுதியே இருந்தார்கள். அவை யந்திரத்தில் ஏறவில்லை. பில்லிங்ஸ் தொடங்கி வைத்த அச்சு அட்டவணையின் தடித்த புத்தகங்களில், நூல் நிலையத்து அலமாரியில், கேட்பாரற்று இருந்தன.

அந்தக் கட்டுரைகள் முன்பே கைக்குக் கிட்டியிருந்தால் அந்தப் பெண் பிழைத்தே இருப்பாள் என்று அடித்துச் சொல்ல நாம் யார்? ஆனால் அவற்றைக் கண்ட பிறகு எந்த வைத்தியரும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பார் என்பது நிச்சயம். மற்ற நூல் நிலையத்தார் இச்செய்தியைக் கேட்டதும் அவர்கள் மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றே: "எங்களில் ஒருவரைக் கூட உட்கார வைத்துக்கொண்டு தேடியிருக்கக் கூடாதா?" பயிற்சி பெற்ற லைப்ரேரியன் முதலில் கேட்டிருக்கக் கூடியது, "இந்த அட்டவணை எந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறது?" என்பதே. பாத்திரத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்வதற்கு முன்பு, பாத்திரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டாமா?

சீர்காழியில் பிறந்த மேதை

இந்தக் கலைக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஆசாரியர்களில் ஒருவர் நம் தமிழ் நாட்டவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1892-ல் சீர்காழியில் பிறந்த டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் தொழிலால் முதலில் கணித ஆசிரியர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் கணிதம் போதித்தவர். 1924 ஜனவரியில் சென்னை ஸர்வகலாசாலையின் முதல் லைப்ரேரியனாக அவர் நியமனமானபோது, நூல் நிலைய சாஸ்திரத்தில் அவருக்கு எவ்விதப் பயிற்சியும் இல்லை. வேலையும் பிடிக்கவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இன்றி, புத்தகங்களுக்கு நடுவே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிறைவாசம் போல் இருந்தது. சில தினங்களுக்குள்ளேயே பழைய கல்லூரிக்கு ஓடி வந்து, தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மன்றாடினார் என்பார்கள். "சீமைக்குப் போய் வாரும், வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்ப்போம்" என்ற மட்டில் சமாதானம் சொல்லி அவரை அனுப்பி வைத்தார்களாம்.

லண்டனில் அவர் பாடம் கேட்டதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகச் சென்று நூல் நிலையங்களைக் கண்டார். குழந்தைகளும், தொழிலாளிகளும், குடும்ப ஸ்திரீகளும் அங்கே தங்கு தடையின்றி வந்து படிப்பதைப் பார்த்தபோது அவருடைய மனம் மாறிற்று. ஒரு கடையில் விளையாட்டுச் சாமான் ஒன்றைக் கண்டார். துண்டு துண்டான இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் வேண்டிய விதமாகப் பொருத்தி, பாலம், வண்டி, கோபுரம் என்று எதை வேண்டுமானாலும் சமைக்கலாம். சாஸ்திர விஷயங்களையும் ஏன் இப்படியே துண்டுகளாகப் பிரித்துப் பொருத்தக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

அந்த யோசனையின் பலன் 1933-ல் கோலன் வகுப்பு முறை என்ற பெயரால் வெளிவந்தது. அதுவரை மேல்நாட்டில் வழங்கிய முறைகள், உலகில் உள்ள விஷயங்களை எல்லாம் முன்கூட்டியே வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்தன. நாளைக்குத் தோன்றப் போகும் விஷயத்துக்கு அதில் இடம் ஏது? ரங்கநாதன் விஷயத்தின் அங்கங்களைப் பிரித்தார். இந்தியாவில் இன்ன காலத்தில் சுவாசப் பை க்ஷயத்தை எக்ஸ்ரே கிரணத்தால் சிகிச்சை செய்வது பற்றி ஒரு கட்டுரை வந்தால், உடலின் உறுப்பு எது, நோய் எது, சிகிச்சை எது, தேசம் எது, காலம் எது என்று தனித் தனியே குறித்து, அக்குறிகளைக் கோத்து ஒரே முகவரி ஆக்கிவிடலாம். நுட்பமான ஒரு சிறு கேள்வியோடு வரும் விஞ்ஞானிக்கு இதைக் காட்டிலும் உபகாரம் வேறில்லை. அவருக்கு வேண்டியது "வைத்தியம்" என்ற கடல் அல்ல; அதற்குள் ஒரு துளி.

1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் நூல் நிலைய மாணவர்களுக்கு முதற்பாடம். நூல்கள் பூட்டிக் காப்பதற்காக அல்ல, உபயோகத்துக்காகவே என்பது அவற்றுள் முதலாவதின் கருத்து. நாடி வருபவருடைய காலம் வீணாகக் கூடாது என்பது நான்காவதின் கருத்து. பார்வைக்கு எளியவை, ஆனால் பூட்டிய அலமாரிகளுக்கு இடையே வளர்ந்த தேசத்தில் அவை சிறு புரட்சியையே உண்டாக்கின.

அவர் கணித மேதை ராமாநுஜனைப் பற்றி 1967-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார் என்பதும் நினைக்கத் தக்கது. கும்பகோணத்தில் ராமாநுஜனின் கைக்குக் கிடைத்தது, கார் என்பவர் தொகுத்த, அப்போதே பழையதாகிவிட்ட கணிதச் சுருக்கம். ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்த பல உண்மைகளை அவர் தனியே மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 32 வருஷமே வாழ்ந்த ஒருவருடைய நாட்களில் எத்தனை இப்படிச் செலவாயின! தக்க ஏட்டைத் தக்க சமயத்தில் எடுத்துக் கொடுப்பதன் அருமை, அந்த வரலாற்றை எழுதியவருக்கு விளங்காமல் இருந்திருக்குமா?

சுதந்திரத்துக்குப் பின் 1952-ல், ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோவின் உதவியோடு, டெல்லியில் இன்ஸ்டாக் என்ற தேசிய விஞ்ஞானத் தகவல் நிலையம் தோன்றிற்று. இந்தியாவின் எந்த மூலையில் உள்ள ஆராய்ச்சியாளரும் தமக்கு வேண்டிய கட்டுரையைக் குறிப்பிட்டு எழுதினால், அதைத் தேடிப் பிடித்துப் போட்டோப் பிரதி எடுத்து அனுப்பினார்கள். ருஷ்ய பாஷையிலோ ஜெர்மன் பாஷையிலோ இருந்தால் மொழிபெயர்த்தும் கொடுத்தார்கள். ரங்கநாதனே 1962-ல் பெங்களூரில் இத்தொழிலுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் கண்டார். 1972-ல் அவர் மறைந்தார்.

அவர் நட்ட மரம் எங்கே நிழல் கொடுத்தது, பாருங்கள்! மஞ்சள் வழக்கு முடிந்த பிறகு, ஒவ்வொரு பேடண்டையும் இப்படித் துரத்திக்கொண்டு ஓடுவது இயலாது என்று நம்மவர் உணர்ந்தார்கள். ஆயுர்வேத, யூனானி, சித்த வைத்திய நூல்களில் உள்ள முறைகளை வகுத்து, இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய பாஷைகளில் தரும் பாரம்பரிய அறிவுக் களஞ்சியம் ஒன்றை 2001 முதல் அமைத்தார்கள். நம் சித்தர்களின் தமிழ் நூல்களும் அதில் உண்டு. பழைய இன்ஸ்டாக்கும் வேறொரு நிலையமும் 2002-ல் இணைந்து உருவான ஸ்தாபனம் அந்தப் பணியில் பெரும் பங்கு கொண்டது. முறைகளை எல்லாம் பேடண்டுப் பரிசோதகர் தேடும் விதத்துக்குப் பொருந்துமாறு வகைப்படுத்தினார்கள். பாட்டியின் சாட்சியம் இப்போது பரிசோதகரின் மேஜைக்கே வந்துவிட்டது.

எப்படித் தேடுகிறார்கள்?

இவர்களுடைய வேலை எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணத்தால் பார்ப்போம். இளம் விஞ்ஞானி ஒருவர் வந்து, "மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அநுபவம் இல்லாதவர் உடனே எழுந்து அலமாரிக்குப் போவார். தேர்ந்த லைப்ரேரியன் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள், எதற்காகத் தேடுகிறீர்கள்?" என்பார். நாலு கேள்வி கேட்ட பிறகு தெரிய வருவது என்ன? சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசி செய்வது பற்றி அவருக்கு அக்கறை இல்லை. சில வகைக் கிழங்கில் இயற்கையாக உள்ள ஸயனைடு விஷத்தை, ஊற வைத்தும் புளிக்க வைத்தும் எந்த அளவுக்குப் போக்கலாம் என்பதே அவர் கேள்வி. நோயாளி தலைவலி என்று வந்தால் வைத்தியர் நாடியைப் பார்ப்பது போன்றது இது. கேட்கும் கேள்வி வேறு. வேண்டும் விடை வேறு.

அடுத்தது பெயர்களின் தொல்லை. நாம் மரவள்ளி என்றும் குச்சிக் கிழங்கு என்றும் சொல்வதை, மலையாளத்தில் கப்பை என்பார்கள். இங்கிலீஷ்காரர் கஸாவா என்பார். பிரெஞ்சுக்காரர் மானியோக் என்பார். நம் நாட்டு இங்கிலீஷில் டாபியோகா. தென் அமெரிக்காவில் யூகா. தாவர சாஸ்திரப் பெயரோ மானிஹாட் எஸ்குலென்டா. பழைய நூல்களில் அதுவும் மானிஹாட் யூடிலிஸிமா. ஒரு பெயரால் தேடினால் மற்றப் பெயர்களில் எழுதியவை அகப்படா. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் செய்த அருமையான சோதனை, "கஸாவா" என்று மட்டும் தேடுகிறவருக்கு என்றும் தெரியாமலே போகலாம். ஆகவே லைப்ரேரியன் முதலில் எல்லாப் பெயர்களையும் ஒரு காகிதத்தில் எழுதுவார். விஷத்தின் பெயர்களை மற்றொரு வரிசையில் எழுதுவார். செய்முறைகளின் பெயர்களை மூன்றாவது வரிசையில். ஒரு வரிசைக்குள் "இதுவாவது அதுவாவது". வரிசைக்கும் வரிசைக்கும் இடையே "இதுவும் அதுவும்". இவ்வளவு எளிய தர்க்கத்தைக் கொண்டுதான் கோடிக் கணக்கான குறிப்புகளைச் சில நூறாகக் குறைக்கிறார்கள். எழுதியவர் எந்தப் பெயரைக் கையாண்டாலும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்ப்பதற்கென, அமெரிக்க வைத்திய நூல் நிலையம் 1960-ல் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது.

பிறகு எந்த அட்டவணையில் தேடுவது என்ற ஆராய்ச்சி. இந்தக் கேள்வி ரஸாயனத்துக்கும் சொந்தம், விவசாயத்துக்கும் சொந்தம், வைத்தியத்துக்கும் சொந்தம். மூன்றிலும் தேட வேண்டும். அகப்பட்ட கட்டுரைகளுள், தவறென்று கண்டு பின்னால் வாபஸ் வாங்கியவை உண்டா என்று சரி பார்க்க வேண்டும். கடைசியாக, எங்கெங்கே, எந்தத் தேதியில், எந்தச் சொற்களால் தேடினோம் என்று குறித்து வைக்க வேண்டும். அப்போதுதான், "இல்லை" என்ற விடைக்கும் மதிப்பு உண்டு.

மாலை கோத்தவர்கள்

தேடித் தருவதோடு நில்லாமல் இக்கலையையே விரித்தவர்களும் உண்டு. ரஸாயனமும் நூல் நிலைய சாஸ்திரமும் கற்ற யூஜின் கார்பீல்டு என்ற அமெரிக்கர், வக்கீல்களிடமிருந்து ஒரு வித்தை கற்றார். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்று பார்க்க அவர்களிடம் 19-ம் நூற்றாண்டு முதலே ஓர் அட்டவணை உண்டு. விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அவ்வாறே அவர் 1964-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார். ஒரு நல்ல கட்டுரை கையில் இருந்தால் போதும். அதை ஆதாரமாகக் கொண்டு பின்னால் எழுதியவர்கள் யார் யார் என்று தொடர்ந்து போகலாம். பெயர்களின் தொல்லை அங்கே இல்லை.

சிக்காகோ ஸர்வகலாசாலையில் நூல் நிலைய சாஸ்திரம் போதித்த டான் ஸ்வான்ஸன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். குளிர் பட்டால் விரல்கள் ரத்தமின்றி வெளுத்து நோகும் ரேனாட் வியாதியைப் பற்றிய கட்டுரைகள் ஒரு புறம். மீன் எண்ணெய் ரத்தத்தின் தடிப்பைக் குறைக்கிறது என்ற கட்டுரைகள் மறு புறம். இவர்கள் அவர்களைப் படிப்பதில்லை. அவர்கள் இவர்களைப் படிப்பதில்லை. இரண்டையும் படித்த ஸ்வான்ஸன், மீன் எண்ணெய் அந்த வியாதிக்குக் குணம் தரலாம் என்று 1986-ல் எழுதினார். அவர் வைத்தியர் அல்ல. ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. 1989-ல் வைத்தியர்கள் செய்து வெளியிட்ட சோதனையில், அவ்வியாதியின் ஒரு வகையினருக்கு அது உண்மையிலேயே பயன் தந்தது. இரண்டு முத்துக்களும் தனித் தனியே கிடந்தவைதாம். மாலை கோத்தவர் அவர்.

யந்திரம் போதாதா?

"இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே! கேட்ட மாத்திரத்தில் விடை சொல்கிறதே! இனி இவர்கள் எதற்கு?" என்று சிலர் கேட்கக் கூடும். யந்திரத்தின் உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பால்டிமோரில் தேடியதும் யந்திரத்தைக் கொண்டே அல்லவா? அதற்குத் தெரியாத காலம் ஒன்று உண்டு என்பதை அது தானாகச் சொல்லவில்லை. சமீப வருஷங்களில், கேட்டதற்கெல்லாம் சரளமாக வாக்கியம் எழுதித் தரும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. அவை சில சமயம், எவரும் எழுதாத கட்டுரையை ஆசிரியர் பெயர், வருஷம், பக்கம் முதலியவற்றோடு கூசாமல் சொல்லிவிடுகின்றன. 2023-ல் நியூயார்க்கு நகரில் வக்கீல்கள் இருவர் அப்படிப் புனைந்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டியதால், 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பொய் முத்து மலிந்த கடைவீதியில் முத்துப் பரிசோதகருக்கு வேலை குறையுமா, கூடுமா?

ஒரு மாணவியின் கேள்வி

சென்ற வருஷம் என் வகுப்பில் ஒரு பெண், "ஸார், எங்கள் ஊரில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை. எதனால்?" என்று கேட்டாள். குடிநீரில் ப்ளூரைடு உப்பு மிகுந்தால் அப்படி ஆகும் என்று எனக்குப் புத்தக அறிவு உண்டு. ஆனால் நம் பக்கத்தில் இதை ஆராய்ந்தவர் உண்டா என்று கேட்டபோது விழித்தேன். பக்கத்து நகரில் ஒரு கல்லூரி நூல் நிலையத்தில் எனக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "பல் மட்டுமா, எலும்பு, மூட்டு வலியும் உண்டா? ஆழ்கிணறா, ஏரித் தண்ணீரா?" என்று அவர் என்னையே குறுக்கு விசாரணை செய்தார். இரண்டு தினம் கழித்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அதில் அடியில் இருந்தது, 1937-ல் இந்திய வைத்திய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், குடிநீர் ப்ளூரைடால் ஜனங்களின் பல்லும் எலும்பும் கெடுவதைக் கிண்டி கிங் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் அதில் வர்ணித்திருக்கிறார்கள்.

வகுப்பில் அதன் சாரத்தைச் சொன்னேன். கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். ஆனால் அந்தப் பெண் உட்காரவில்லை. "1937-லேயே எழுதிவிட்டார்கள் என்றால், எங்கள் ஊரில் இதுவரை ஒருவருக்கும் ஏன் தெரியவில்லை?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆராய்ச்சிச் சாலைகள் கட்டுகிறோம், யந்திரங்கள் வாங்குகிறோம், விஞ்ஞானிகளுக்கு மாலை போடுகிறோம். இவை யாவும் வேண்டியவையே. அவற்றோடு, ஏட்டுக்கும் மனிதனுக்கும் இடையே நின்று எடுத்துக் கொடுக்கும் அந்த ஒருவருக்கும் நல்ல பயிற்சியும், தக்க சம்பளமும், ஆராய்ச்சிக்காரரின் மேஜையருகே ஒரு நாற்காலியும் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் நூல் நிலையத்துக்கு அடுத்த முறை போகும்போது, புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உங்கள் கேள்வியை அங்கே இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் இருந்தால்தான் தேடித் தருபவரும் இருப்பார்.